பியர்க்கடை மாடியில் வாக்குப்பெட்டி

எனக்கு வந்த வாக்காளர் அட்டையில் சில்லுக்கதிரைப் படம் இல்லை. அந்தச் சின்னப் படம் இருந்தால் வாக்களிப்பு நிலையத்துக்குள் சில்லுக்கதிரையோடு, அதாவது சக்கர நாற்காலியோடு, போகலாம் என்று அர்த்தம். இல்லாவிட்டால் போக முடியாது. அட்டையின் பின்பக்கத்தில் தபால் வாக்குக்கான விண்ணப்பம் இருந்தது. முன்பக்கத்தில் நிலையத்தின் விலாசம் இருந்தது. எங்கள் தெரு முனையில் இருக்கிற பியர்க்கடையின் மேல்மாடி மண்டபம்.

ஜெர்மனியில் ரூர் பக்கத்து நகரம் ஒன்றில் இருக்கிறோம். பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்தில் எல்லா நகரத்திலும் இப்படி ஒரு கடை இருக்கும். கீழே குடிக்கிற இடம். மேலே புறா வளர்ப்பவர்களின் சங்கமும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களின் பாட்டுக்குழுவும் கூடுகிற மண்டபம். மேலே போவதற்கு ஒடுங்கிய மரப்படிகள், நடுவில் ஒரு திருப்பம். லிஃப்ட் கிடையாது.

நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்தவள். ஈரத்துணிக் கூடைகளை வருடக்கணக்காக இழுத்ததில் முள்ளந்தண்டு போனது. ஒப்பரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு கால்கள் என் சொல் கேட்பதில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

"தபாலில போடுமன்," என்றார் என் கணவர். "உமக்கேன் இந்தக் கரைச்சல்?"

தபாலில் போடமாட்டேன் என்றேன். காரணம் அவருக்கும் தெரியும்.

எங்கள் மாதா கோயிலுக்கு வருகிற தமிழ்ச் சனத்துக்கு ஓர் அண்ணை இருக்கிறார். எந்த விண்ணப்பம் நிரப்புவதென்றாலும், எந்தக் கந்தோரில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுப்பதென்றாலும் அவர் வீட்டுக்குத்தான் போவோம். வந்த புதிதில் எங்களுக்கு மொழி தெரியாது, போனோம். பிறகு மொழி தெரிந்தது, அப்போதும் போனோம். பழகிவிட்டது. அந்தக் கோடையின் தொடக்கத்தில் ஐரோப்பியத் தேர்தல் வந்தபோது, ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்த குடும்பங்கள் எல்லாம் தபால் வாக்குச்சீட்டோடு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவருடைய மனைவி ரோல்ஸும் தேத்தண்ணியும் தந்தா. அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சீட்டிலும் விரலை வைத்தார்.

"இதில போடுங்கோ."

விரல் இருந்த இடத்தில் எல்லாரும் புள்ளடி போட்டோம். அவரே மடித்தார், அவரே ஒட்டினார், அவரே தபால்பெட்டியில் போட்டார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "எல்லாரும் ஒரே ஆளுக்குப் போட்டாத்தான் எங்களை மதிப்பாங்கள். சிதறிப்போனா ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான்," என்பார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அன்று முழுக்க எனக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊரில் எனக்கு வாக்குப் போடுகிற வயது வந்தபோது எங்கள் பக்கம் வாக்குப்பெட்டி வரவில்லை, ஆமிதான் வந்தது. இங்கே வந்து இத்தனை காலம் அகதி. கடைசியில் கையில் ஒரு சீட்டு வந்தால் அதில் இன்னொருவருடைய விரல் கிடக்கிறது. அடுத்த முறை மறைப்புக்குப் பின்னால் தனியாக இருந்து என் புள்ளடியை நானே போடுவது என்று முடிவெடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

அடுத்த முறைதான் இந்த நகரசபைத் தேர்தல். தேர்தல் கந்தோருக்கு டெலிபோன் எடுத்தேன். எடுத்தவர் தபால் வாக்கு என்றார். வேண்டாம் என்றேன். எவ்வளவு வசதி என்று விளக்கினார். வசதி எனக்கு விளங்குகிறது, ஆனால் வேண்டாம் என்றேன். இன்னொருவருக்கு மாற்றினார், அவரும் தபால் வாக்கு என்றார். நான் போனை வைக்கவில்லை. சலவைக்கூடத்தில் படித்த ஜெர்மன் என்னுடையது, மரியாதைச் சொற்கள் அதில் குறைவு. கடைசியில் ஓர் இளம்பெண் வந்து, நேரில் வந்து பார்க்கிறேன் என்றாள்.

சொன்ன நாளில் கடை வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு கோப்பும் மடக்கு அளவுகோலும். கடைக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அண்ணையும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை, என் கணவர் சொல்லியிருக்கிறார்.

நான் கேட்டது சின்ன விஷயம். அட்டைகள் அச்சடித்து அனுப்பியாயிற்று, இனி இடத்தை மாற்ற முடியாது என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். சரி, இடத்தை மாற்ற வேண்டாம், பெட்டியை மேலே வைக்காமல் கீழே வையுங்கள் என்றேன். கீழ் வாசலில் ஒரே ஒரு படிதான். ஒரு பலகை போட்டால் நான் ஏறிவிடுவேன்.

கடைக்காரர் முடியாது என்று தலையை ஆட்டினார். "ஞாயிற்றுக்கிழமை காலமை என்ர ஆக்கள் எங்க இருந்து குடிக்கிறது? வாக்குப்பெட்டிக்கு மேலயோ?"

"ஆறு மணிக்கு வாக்களிப்பு முடியும், பிறகு குடிக்கட்டும்."

"அம்மா, நீங்கள் இந்தத் தெருவில எவ்வளவு காலம்? ஆறு மணிமட்டும் குடியாமல் இருந்தவனை இந்தத் தெருவில பாத்திருக்கிறீங்களோ?"

அந்தப் பெண் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "மேல இடம் எப்பிடி எண்டு ஒருக்காப் பாத்திட்டு வாறம்," என்றாள். மூன்று பேரும் படியேறிப் போனார்கள். நான் தெருவில் இருந்தேன். படியைப் பற்றிய கூட்டம் படிக்கு மேலே நடந்தது. நான் கீழே.

அந்த நேரம் பியர் லொறி வந்தது. பீப்பா இறக்குகிறவன் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். நடைபாதையில் இருந்த இரும்புக் கதவைத் திறந்து, நிலவறைக்குள் ஒரு நீளப் பலகையைச் சரித்து வைத்து, பீப்பாக்களை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டான். பீப்பாவுக்குப் பலகை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று பேரும் கீழே வந்தார்கள். மூன்று பேருக்கும் முகம் மலர்ந்திருந்தது. அந்தப் பெண் கோப்பை மூடினாள். "எல்லாம் ஒழுங்காயிட்டுது," என்றாள்.

"என்ன ஒழுங்கு?"

அண்ணை தமிழில் சொன்னார். "நான் சொல்லிப்போட்டன் தங்கச்சி, கைன் ப்ரொப்ளேம் எண்டு. எங்கட பொடியள் நாலு பேர் வருவாங்கள், உங்களைக் கதிரையோட தூக்கிக்கொண்டு போய் மேல வைப்பாங்கள்."

"நாலு பேர் என்னைத் தூக்கிறதுக்கு இன்னும் காலம் கிடக்கு, அண்ணை."

"சீ, என்ன கதை கதைக்கிறீங்கள்!"

கைன் ப்ரொப்ளேம் என்றால் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். நாங்கள் இந்த நாட்டில் முதலில் படித்த ஜெர்மன் அதுதான். அகதி விடுதியில் ஒரு அறைக்குள் இத்தனை பேர் படுப்பீர்களா? கைன் ப்ரொப்ளேம். விடியப்புறம் வேலைக்கு வருவீர்களா? கைன் ப்ரொப்ளேம். ஓவர்டைமுக்குக் காசு இல்லை. கைன் ப்ரொப்ளேம். பிரச்சினை என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். கோப்போடு ஓர் ஆள் முன்னால் வந்து நின்றால் போதும், வாய் தானாகச் சொல்லிவிடும். பாஸ்போர்ட் எடுத்தும் அந்த வாய் மாறவில்லை. அண்ணைக்கு அது ஒரு மரியாதை. எங்களால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை என்று காட்டுவதில் அவருக்குப் பெருமை.

எனக்கு இது பிரச்சினை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அண்ணையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கடைக்காரர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார். அவளுக்கு இன்னோர் இடத்தில் வேலை இருந்தது. அடுத்த முறை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேர்தல் நாள் வந்தது. பூசை முடிந்து நாலு பொடியள் கோயில் உடுப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் கணவர் கதிரையைத் தள்ளினார். அண்ணை முன்னால் நடந்தார். ஊர்வலம் மாதிரித்தான் போனோம்.

கடை வாசலில் குடிக்கிறவர்கள் கிளாசோடு வெளியே வந்து நின்று பார்த்தார்கள். ஒருவன் எங்களுக்காகக் கிளாசைத் தூக்கிக் காட்டினான்.

"பயப்பிடாதேங்கோ அக்கா," என்றான் ஒரு பொடியன், கோட்டைக் கழற்றிக்கொண்டே. "திருநாளுக்கு மாதா சுருவம் தூக்கின தோள் இது."

"சுருவம் வாய் திறக்காது தம்பி. நான் திறப்பன்."

"அதுதானக்கா பாரம்," என்றான் இன்னொருவன்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நல்ல பிள்ளைகள். ஆனால் படியைப் பார்த்தேன். அந்தத் திருப்பத்தில் கதிரையைச் சரிக்காமல் திருப்ப முடியாது. அதற்கு முன்னம் ஒரு கல்யாண வீட்டில் என்னை இப்படித் தூக்கியிருக்கிறார்கள். யாருடைய கை எங்கே பிடிக்கிறது என்று பார்க்க முடியாது, சீலை எங்கே விலகுகிறது என்று பார்க்க முடியாது. இறக்கிவிட்ட பிறகு மூச்சு வாங்குகிற முகம் ஒவ்வொன்றையும் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் போகும் மட்டும் நானும் அங்கேயே இருக்க வேண்டும்.

"ஏலாது," என்றேன். "என்னைத் தூக்க வேண்டாம்."

அண்ணையின் முகம் கறுத்தது. "சனம் பாக்குது தங்கச்சி. எங்களை அவமானப்படுத்தாதேங்கோ."

"ஆருக்கு அவமானம் அண்ணை? கீழ நிக்கிறது நான்."

மேலே இருந்து தேர்தல் பொறுப்பாளர் இறங்கி வந்தார். வாத்தியார் மாதிரி ஒரு மனிதர், சட்டைப்பையில் பேனைகள். பெட்டியைக் கீழே கொண்டுவர முடியாதா என்று கேட்டேன். பெட்டி அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். அண்ணை, "சீட்டை நான் கொண்டுவந்து காட்டி, புள்ளடி போட்டதும் கொண்டுபோய்ப் போடுறன்," என்று கேட்டார். சீட்டும் போகக் கூடாது என்றார். அதற்கு மட்டும் நான் அந்த மனிதருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"நீங்கள் வெள்ளிக்கிழமைக்கு முன்னம் எழுதிக் கேட்டிருந்தா, தொகுதிக்குள்ள படியில்லாத வேற நிலையத்தில போட்டிருக்கலாமே," என்றார் அவர். "ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

ஒருவரும் சொல்லவில்லை. ஒழுங்காயிட்டுது என்று கோப்பில் எழுதியவளுக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்டார். நான் வீட்டுக்குப் போவோம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் கதிரையைத் திருப்பினார். அண்ணையும் பொடியளும் மாடிக்குப் போய்த் தங்கள் வாக்கைப் போட்டார்கள். நான் சோற்றுக்கு அரிசி போட்டேன். ஆறு மணிக்கு டிவியில் முடிவுகள் வரத் தொடங்கின. நிறுத்தச் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்கு டெலிபோன் எடுத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். நல்ல சொல்லில் சொல்லவில்லை. "நான் உங்களிட்டத்தான் கேட்டிருக்க வேணும்," என்றாள். பிறகு, அடுத்த தேர்தலுக்கு எனக்கு மட்டும் வேறு நிலையத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னாள். எனக்கு அது வேண்டாம் என்றேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் நான் மட்டும் விண்ணப்பம் போட்டு, நான் மட்டும் வேற்றூருக்குப் போவது போலப் போக வேண்டுமா? இந்தப் பகுதியில் படியேற முடியாத ஆள் நான் ஒருத்தி மட்டுமா?

"அப்ப வாங்கோ, சேர்ந்து தேடுவம்," என்றாள்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை.

குளிர்காலத்தில் ஒரு நாள் இருவரும் சுற்றினோம். அவளே என்னைத் தள்ளினாள். தள்ளிப் பழக்கமில்லை. ஒவ்வொரு நடைபாதை விளிம்பிலும் முன்சில்லு இடித்தது, ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டாள். கடைசியில் மன்னிப்புக் கேட்பதை நிறுத்து, பின்பக்கமாக இழு என்று சொல்லிக் கொடுத்தேன்.

முதலில் பள்ளிக்கூடம். எங்கள் வீட்டுக்கு ஆகக் கிட்ட இருப்பது அதுதான். முன்வாசலில் கல்படிகள், அரண்மனைக்குப் போல. பின்னால் சாப்பாட்டு வண்டிக்காக ஒரு சாய்தளம் இருந்தது. குப்பைத்தொட்டிகளுக்கு நடுவால் அங்கே போனோம். அவள் தள்ளினாள், பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் விட முடியவில்லை. பள்ளிக்கூடக் காவலாளி ஓடிவந்து பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் தனக்கு விடுமுறை நாள் வேலைக்கு உத்தரவு வர வேண்டும் என்றார், கதிரையைப் பிடித்தபடியே.

பிறகு சிறுவர் பாடசாலை. தரை மட்டம், அகலக் கதவு. எனக்குச் சந்தோஷம் வந்தது. அவள் அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். மேசைகளையும் மறைப்புகளையும் முதல் நாளே வைத்துப் பூட்டிவிட வேண்டும், அந்த அறையில் பிள்ளைகளின் கட்டில்களும் விளையாட்டுச் சாமான்களும் அசைக்க முடியாதபடி கிடந்தன. வரிசை வெளியே மழையில்தான் நிற்க வேண்டும். கதிரைகள் முழங்கால் உயரம்கூட இல்லை. "என்ர தேர்தல் ஊழியர் இதில இருந்தா ஆறு மணிக்கு எழும்பமாட்டினம்," என்றாள்.

முதியோர் இல்லத்தில் எல்லாம் இருந்தது. அகலம், வெளிச்சம், நல்ல மலசலகூடம். பொறுப்பாளர் அம்மா மாட்டேன் என்றா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் சாப்பாட்டறையில்தான் சாப்பாடு. தேர்தல் நாளில் கிழவர்களைப் பட்டினி போடவா என்று கேட்டா. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

ஒரு பஸ் தரிப்பிடத்தில் நின்று அவள் கொண்டுவந்த கோப்பியைக் குடித்தோம். அவளுடைய மூக்கு சிவந்திருந்தது. தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். அறை பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும், டெலிபோன் இருக்க வேண்டும், எந்தக் கட்சிக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது, கிட்ட இருக்க வேண்டும், சனத்துக்குப் பழகியிருக்க வேண்டும். "இடத்தை மாத்தினா, அரைவாசிப் பேர் அட்டையை வாசியாமல் பழைய இடத்துக்குப் போய் நிண்டு எனக்கு டெலிபோன் எடுத்துக் கத்துவினம். கிட்ட இருக்கிறதுக்குப் படி இருக்கு. படி இல்லாதது தூரத்தில இருக்கு. எல்லாப் பகுதியிலயும் இந்தக் கதைதான்."

"அப்ப என்ன செய்யிறது?"

"ஆரோ ஒருத்தர் என்னை ஏசத்தான் போயினம். ஆர் எண்டு நான் முடிவெடுக்க வேணும்."

அவள் மேல் இருந்த கோபம் எனக்கு அங்கே குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

கடைசியாக ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோயிலின் பங்கு மண்டபத்துக்குப் போனோம். மாதத்தில் ஒரு தரம் தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற மண்டபம் அது. எனக்கு அதன் ஒவ்வொரு மூலையும் தெரியும், ஆனாலும் அதை யோசித்திருக்கவில்லை. எங்கள் தெருவில் இருந்து தூரம். ஆனால் தரை மட்டம், நல்ல சாய்தளம், சில்லுக்கதிரை போகிற மலசலகூடம். அவள் என்னைத் தள்ளாமல் விட்டாள். நானே உருட்டிக்கொண்டு உள்ளே போய் நடுவில் நின்றேன்.

இடத்தைத் தீர்மானிப்பது தேர்தல் கந்தோர்தான். ஆனால் மாற்றம் என்றால் பகுதிச் சபைக்கும் சொல்ல வேண்டும். சபையில் முணுமுணுத்தார்களாம். பியர்க்கடை எவ்வளவு காலத்து வழக்கம் தெரியுமா என்று ஒருவர் கேட்டாராம். ஒருவருக்காக இத்தனை பேரை நடக்கவிடுவதா என்று இன்னொருவர் கேட்டாராம். கடைசியில் ஒரு தரம் செய்து பார்க்கட்டும் என்று விட்டார்கள்.

வசந்தத்தில் மாநிலத் தேர்தலுக்கான அட்டை வந்தது. மூலையில் சில்லுக்கதிரைப் படம். என் கணவர் அதைக் குளிர்ப்பெட்டியில் காந்தத்தால் ஒட்டினார்.

அன்று பின்னேரமே கதவு தட்டுப்பட்டது. கீழ்வீட்டு அம்மா. லிஃப்டில் வந்திருந்தார். ஜெர்மன்காரி, தனியாக இருப்பவர், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். கையில் அதே அட்டை.

"இது உங்கட வேலையோ?"

"ஓம்."

"பியர்க்கடைப் படியை நான் பிடிச்சுப் பிடிச்சு ஏறிப்போடுவன். மேல போய் இருந்து மூச்சு விட்டிட்டு, புள்ளடி போட்டிட்டு, கீழ வந்து ஒரு சின்ன பியர் குடிச்சிட்டு வருவன். புருஷன் செத்தபிறகும் அப்பிடித்தான். இப்ப பாலத்தால எப்பிடி ஏறுறது? சொல்லுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் நான் தெருவில் நின்றபோது இந்த மனுஷி எங்கே போனா என்று தோன்றியது. ஆனால் பாலத்தின் ஏற்றம் எனக்கும் தெரியும். அவருடைய தள்ளுவண்டியும் தெரியும்.

"எங்கட காரில வாங்கோ," என்றேன்.

"உங்கட காரில எனக்கு ஏன் வர வேணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். தேர்தலுக்கு முதல் நாள், எத்தனை மணிக்கு வெளிக்கிடுவீர்கள் என்று கதவுக்கு வெளியே நின்றே கேட்டார்.

காரில் என் கதிரையை மடித்து வைத்தால் தள்ளுவண்டிக்கு இடமில்லை. அதை விட்டுவிட்டுத்தான் வந்தார். வழி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். மண்டப வாசலில் என் கணவர் முதலில் என்னைக் கதிரையில் இருத்தினார், பிறகு அவரைக் கையில் பிடித்து இறக்கினார். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அண்ணை நிற்கிறார். பட்டு வேட்டி இல்லாத குறைதான். பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதன் மேல் பன்னீர்ச்செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு.

"எங்கட மண்டபத்துக்கு அரசாங்கம் வருகுது தங்கச்சி. வெறுங்கையோட நிக்கிறதே?" என்றார். பியர்க்கடைக்குப் பிறகு என்னோடு அவர் சரியாகக் கதைத்தது அன்றைக்குத்தான். முதல் நாள் ஆட்களைச் சேர்த்து மண்டபத்தைக் கூட்டிக் கழுவியிருக்கிறார். சாய்தளத்தில் ஒரு தூசி இல்லை. கீழ்வீட்டு அம்மாவின் தலையில் பன்னீரைத் தெளித்தார். அவர் திடுக்கிட்டு மேலே பார்த்தார், கூரை ஒழுகுகிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

உள்ளே இருந்து அந்த நிலையத்தின் பொறுப்பாளர் பெண் வந்து, இது எந்தக் கட்சி என்று கேட்டா. கட்சி இல்லை, வரவேற்பு என்றார் அண்ணை. என்னவாக இருந்தாலும் வாக்களிப்பு நிலைய வாசலில் நின்று ஆட்களோடு கதைக்கக் கூடாது, கேற்றுக்கு வெளியே போங்கள் என்றா.

"கைன் ப்ரொப்ளேம்," என்றார் அண்ணை. செம்பையும் தட்டையும் தூக்கிக்கொண்டு கேற்றுக்கு வெளியே போய் நின்றார். அவரைப் பின்னால் இருந்து பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் திருப்பிக் கூப்பிடவில்லை.

உள்ளே போனேன். பெயரைப் பார்த்துக் கோடு அடித்தார்கள், சீட்டைத் தந்தார்கள். மறைப்பு வெறும் மட்டை. மேசையின் கால் என் கதிரையில் இடித்தது, பக்கவாட்டில் நின்று சமாளித்தேன். பென்சில் ஒரு நூலில் கட்டியிருந்தது. பெயர்களை மேலிருந்து கீழே வாசித்தேன். பிறகு திரும்ப வாசித்தேன். பின்னால் ஆரோ இருமினார்கள். இவ்வளவு இழுபறிக்குப் பிறகு ஏதாவது பெரிதாகத் தோன்றும் என்று நினைத்திருந்தேன். தோன்றவில்லை. தோள் நொந்தது. புள்ளடியைப் போட்டேன், மடித்தேன்.

பெட்டி ஒரு கதிரையின் மேல் இருந்தது. வாய் எனக்கு எட்டவில்லை. உதவி செய்ய வந்தவர் சீட்டை வாங்கக் கையை நீட்டினார்.

"நான் போடுறன்," என்றேன்.

அவர் விளங்கிக்கொண்டார். பெட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்தார். போட்டேன்.

கேற்றடியில் அண்ணை கற்கண்டுத் தட்டோடு நின்றார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "எங்க போட்டனீங்கள் தங்கச்சி?"

"பெட்டிக்குள்ள, அண்ணை."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தட்டை நீட்டினார். ஒரு கற்கண்டு எடுத்துக்கொண்டேன்.

காரில் கீழ்வீட்டு அம்மா பன்னீர் பட்ட தன் கையை மணந்து பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் தாண்டியதும் சொன்னார். "அடுத்த முறை நான் வரேல்லை. தபாலில போடப்போறன். என்ர மகன் வந்து நிரப்பித் தருவான்."

"நிரப்பித் தருவாரோ?"

"ஓம். அவன்தான் என்ர கடுதாசி எல்லாம் பாக்கிறவன். எங்க போட வேணும் எண்டு காட்டுவான். அவனுக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

நான் முன்கண்ணாடிக்கூடாக வீதியைப் பார்த்தபடி இருந்தேன். பியர்க்கடை வந்தது, வாசலில் வழக்கமான ஆட்கள் கிளாசோடு நின்றார்கள். பெட்டி இல்லாததால் அவர்களுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

"நிப்பாட்டுங்கோ," என்றேன் கணவரிடம். "இவவுக்கு ஒரு பியர் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"காருக்குள்ளயோ?"

"ஓம், காருக்குள்ள. நான் உந்தக் கடைக்குள்ள போக ஏலாது, அவவின்ர தள்ளுவண்டி வீட்டில."

வாங்கி வந்தார். கீழ்வீட்டு அம்மா பின்சீட்டில் இருந்து குடித்தார். முடிக்கிறவரைக்கும் காத்திருந்தேன்.

"அடுத்த முறையும் கூட்டிக்கொண்டு போவன்," என்றேன். "மகனிட்டக் குடுக்காதேங்கோ."

"உங்களுக்கேன் அது?"

அதை விளக்கப் போனால் அண்ணையின் மேசையில் இருந்து தொடங்க வேண்டும். எனக்குக் களைப்பாக இருந்தது. "கூட்டிக்கொண்டு போவன்," என்று மட்டும் திரும்பச் சொன்னேன்.

அந்த இலையுதிர்காலத்திலேயே நாடாளுமன்றத் தேர்தல் முன்கூட்டி வந்துவிட்டது. தேர்தல் கந்தோர்ப் பெண் இடம் மாறவில்லை என்று சொல்ல டெலிபோன் எடுத்தாள், நித்திரை கொள்ளாத குரல். நாங்கள் திரும்ப அந்தக் காரில் போனோம். தள்ளுவண்டி இல்லை என்று கீழ்வீட்டு அம்மா திரும்ப ஏசினார். வரும் வழியில் பியர்க்கடையில் கணவர் திரும்ப இறங்கினார். மண்டபத்தில் அம்மாவும் நானும் தனித்தனி மறைப்புக்குப் பின்னால் இருந்தோம். அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் யாருக்குப் போட்டேன் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.